மழைக்கால மக்ரூன், தொடர்கதை பைண்டிங், ஃபிலிம் துண்டு: வாசகர் கேள்வி-பதில்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களே வேறு மாதிரி ஆகிவிடுகின்றன. வெளியே போக முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவன், அலமாரி, பரண் மூன்றையும் கிளறுகிறார்கள் போல. இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தூத்துக்குடியில் வளர்ந்தவள் நான். சின்ன வயதில் காகிதப் பொட்டலத்தில் வாங்கித் தின்ற மக்ரூனை என் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே செய்து தர ஆசை. முதலில் செய்தது தட்டையாகப் பரந்து பேப்பரோடு ஒட்டிக்கொண்டது. அடுத்தது மேலே பழுப்பேறி, உள்ளே பிசுபிசுவென்று இருந்தது. முந்திரியை நன்றாக நைசாக அரைத்தேன், ஓவனை 160 டிகிரியில் வைத்தேன். என்ன தவறு?
– வாசகி, கோவை

தவறு இரண்டும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன: நைசாக அரைத்த முந்திரி, 160 டிகிரி.

மக்ரூனில் மைதா இல்லை, வெண்ணெய் இல்லை, சோடாவும் இல்லை. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்யும் பண்டம் இங்கே வந்து முந்திரிக்கு மாறிக்கொண்டது. மக்ரூனின் கூம்பு வடிவம் எழும்பி நிற்பது முழுக்க வெள்ளைக்கரு நுரையின் பலத்தில். நுரைக்குப் பரம விரோதி எண்ணெய்ப் பசை. முந்திரியின் எடையில் கிட்டத்தட்ட பாதி கொழுப்பு. மிக்ஸியை விடாமல் ஓட்டினால் சூடேறி எண்ணெய் கக்கும். அதை நுரையில் கொட்டியதும் நுரை உடைந்து தண்ணீராகும். தட்டையாகப் பரந்தது அதனால்தான்.

அளவு: மூன்று முட்டையின் வெள்ளைக்கரு (எடை போட்டால் 90 முதல் 100 கிராம்), சர்க்கரை 180 கிராம், முந்திரி 150 கிராம், எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன். சிறிய மக்ரூன்களாக 30, 35 வரும்.

மழைக்காலத்தில் கடை முந்திரியே நமுத்திருக்கும். 100 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வைத்து எடுத்து, முழுக்க ஆறவிடுங்கள். நிறம் மாறக் கூடாது. வறுத்த வாசனை வந்தால் அது வேறு பண்டம். எடுத்துவைத்த சர்க்கரையிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து, மிக்ஸியை இரண்டு இரண்டு விநாடியாக விட்டு விட்டு ஓட்டுங்கள். ரவை பதம் போதும். சர்க்கரை சேர்ப்பது, கசியும் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும் என்பதற்காக. மீதிச் சர்க்கரையைத் தனியாகப் பொடித்துக்கொள்ளுங்கள்.

முட்டையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, உடைத்தால் மஞ்சள்கரு சிதையாமல் பிரியும். ஆனால் அடிக்கும்போது வெள்ளைக்கரு அறைச் சூட்டில் இருந்தால்தான் நிறைய நுரைக்கும். எனவே உடைத்துப் பிரித்து, அரைமணி மூடி வையுங்கள். ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுப் பெரிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். மூன்றாவது முட்டையின் மஞ்சள்கரு ஒரு சொட்டு விழுந்தாலும் முதல் இரண்டும் சேர்ந்து வீணாகும். பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டவே வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் அதில் பிசுக்கு தங்கும். எவர்சில்வர் பாத்திரத்தை எலுமிச்சை மூடியால் ஒருமுறை துடைத்துவிட்டால் போதும்.

பீட்டரை மிதமான வேகத்தில் ஓட்டி, நுரை தளதளவென்று வந்ததும் எலுமிச்சைச் சாறு விடுங்கள். பீட்டரைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கும் கட்டத்தில் சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனாக, அரை நிமிட இடைவெளி விட்டுச் சேருங்கள். மொத்தம் எட்டு, பத்து நிமிடம் ஆகும். நுரையை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நெறநெறவென்றால் இன்னும் அடிக்க வேண்டும். கரையாத சர்க்கரைதான் பிறகு வேகும்போது பாகாகக் கசிந்து அடியில் ஒட்டும். பளபளப்பு வந்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் நுரை அசையாவிட்டால் சரி.

இனி பீட்டருக்கு வேலை இல்லை. முந்திரியை மூன்று பங்காகத் தூவி, ஸ்பேச்சுலாவால் அடியிலிருந்து மேலே மடித்து மடித்துக் கலக்கவும். முந்திரி எல்லா இடத்திலும் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, கோனிலிருந்து ஓர் அங்குல அகலத்தில் பிழிந்து, அழுத்தத்தை விட்டு நேரே மேலே இழுத்தால் அந்தக் கூர்நுனி வந்துவிடும்.

சூடு 110 டிகிரி. நடுத் தட்டில் 70 முதல் 80 நிமிடம். அதன்பின் ஓவனை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் உள்ளேயே விடுங்கள். இதை வேகவைப்பது என்று நினைக்காமல் உலர்த்துவது என்று நினைத்துக்கொண்டால் எல்லாம் சரியாக வரும். விறகு அடுப்பு பேக்கரிகளில் ரொட்டியெல்லாம் எடுத்தபிறகு, தணிந்துகொண்டு வரும் சூட்டில் இதை வைப்பதும் அதற்காகத்தான். 160 டிகிரியில் மேல்தோல் சட்டென்று இறுகிவிடும்; உள்ளேயிருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது. மேலே பழுப்பு, உள்ளே பிசின். பேப்பரிலிருந்து தானாகக் கழன்று வந்தால் ஆகிவிட்டது என்று பொருள். 110-லும் பழுப்பேறினால் உங்கள் ஓ.டி.ஜி.யின் (மேசைமேல் வைக்கும் மின் ஓவன்) திருகு சொல்லும் டிகிரி பொய். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்; இருபது டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம்.

சர்க்கரையைக் குறைக்கலாமா என்று அடுத்த கடிதம் வரும் என்று தெரியும். வெள்ளைக்கருவின் எடையைப்போல் ஒன்றரை மடங்குவரை, அதாவது 150 கிராம்வரை இறங்கலாம். அதற்குக் கீழே போனால் நுரை நிற்காது. தித்திப்பு வேண்டாம் என்றால் எண்ணிக்கையைக் குறைத்துச் சாப்பிடுவதுதான் வழி.

ஆறியவுடன் காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் போட்டு மூடிவிடுங்கள். மழைநாளில் ஒருமணி நேரம் திறந்து கிடந்தாலே ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். அப்படி ஆனால் 100 டிகிரியில் கால்மணி நேரம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். மிச்சமான மூன்று மஞ்சள்கருவை அன்றைக்கே முட்டைப் பொடிமாஸில் சேர்த்துவிடுங்கள்.

ஓவன் இல்லை, குக்கரில்தான் கேக் செய்கிறேன். முட்டை சேர்ப்பதில்லை. நன்றாக உப்பி வருகிறது, எடுப்பதற்குள் நடுவில் பள்ளம் விழுந்துவிடுகிறது. அடியும் கருகுகிறது. ஒன்றரைக் கப் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் பேக்கிங் சோடாவும் ஒரு பாக்கெட் ஈனோவும் போடுகிறேன்.
– வாசகி, திண்டுக்கல்

சோடாவும் போட்டு ஈனோவும் போட்டால் உப்பாமல் என்ன செய்யும்! உப்பினது நிற்கவில்லை என்பதுதான் சிக்கல். ஈனோவும் சோடாவும் புளிப்புப் பொருளும் சேர்ந்ததுதான். ஆக, வாயு தேவைக்கு மேல் பல மடங்கு கிளம்புகிறது. மாவு வெந்து இறுகும் முன்பே குமிழ்களின் சுவர் இழுபட்டுக் கிழிந்துவிடுகிறது. நடு, கடைசியாக வேகும் இடம் என்பதால் அங்கே உட்கார்ந்துகொள்கிறது. கேக்கில் லேசாகச் சோப்பு வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் சோடா மிஞ்சியிருக்கிறது.

ஏழு அங்குல வட்டத் தட்டுக்கு இந்த அளவு நம்பகமானது: மைதா ஒன்றரைக் கப் (190 கிராம்), புளிக்காத கெட்டித் தயிர் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப் (150 கிராம்), வாசனையில்லாத எண்ணெய் அரைக் கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சோடா அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன். கப் என்றால் 240 மில்லி. டீஸ்பூன் என்றால் 5 மில்லி, தலை தட்டியது. வீட்டில் காபி கலக்கும் ஸ்பூனால் அளந்தால் ஆளுக்கு ஓர் அளவு வரும். சோடா விஷயத்தில் அது ஆபத்து.

தயிரும் சர்க்கரையும் கரையும்வரை அடித்து, பேக்கிங் பவுடரும் சோடாவும் தூவி ஐந்து நிமிடம் விடுங்கள். குமிழ் விட்டு மேலே வரும். பிறகு எண்ணெய், வெனிலா. சலித்த மைதாவை மூன்று தவணையாகச் சேர்த்து, உலர்ந்த மாவு மறையும்வரை மட்டும் கலக்குங்கள். ‘கட்டி இருக்கிறதே’ என்று மேலும் மேலும் அடித்தால் மைதாவின் பசைத்தன்மை முறுக்கேறி, கேக் ரப்பராகும். கலந்த மாவைக் காக்க வைக்காதீர்கள். பாத்திரம் அதற்கு முன்பே சூடாகி இருக்க வேண்டும். தட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

குக்கரைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் இல்லாமல் முக்கால் மணி நேரம் எரிந்தால் அலுமினியக் குக்கரின் அடி வளையும்; மூடியிலிருக்கும் சேஃப்டி வால்வின் உலோகம் சூட்டில் உருகுவதற்கென்றே செய்தது, உருகிவிடும். மறுநாள் அதே குக்கரில் பருப்பு வேகவைப்பது நல்லதல்ல. கனமான பழைய பாத்திரம் ஒன்றை கேக்குக்கென்றே ஒதுக்கி, அதன்மேல் சரியாக உட்காரும் தட்டு மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள். குக்கர்தான் இருக்கிறது என்றால் கேஸ்கட், வெயிட் இரண்டையும் கழற்றிவிட்டு, அதன் மூடிக்குப் பதில் வேறு தட்டால் மூடுங்கள்.

அடி கருகுவதற்குக் காரணம், தட்டு நேரே சூட்டில் உட்கார்ந்திருப்பது. உள்ளே ஓர் அங்குல உயரத்துக்குச் சலித்துக் கழுவிக் காயவைத்த மணல் பரப்பி, அதன்மேல் இரும்பு ஸ்டாண்டு, அதன்மேல் கேக் தட்டு. உப்பும் போடலாம், ஆனால் மழைக்காலத்தில் அது ஈரம் இழுத்து அலுமினியத்தை அரிக்கும். மூடி போட்டு மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்கி, தட்டை வைத்ததும் தீயைச் சிம்முக்குக் கொண்டுவாருங்கள். 40 முதல் 50 நிமிடம். முதல் அரைமணி நேரம் மூடியைத் திறக்கக் கூடாது. பிறகு நடுவில் குச்சி விட்டுப் பாருங்கள். ஈரமாவு ஒட்டாமல் வந்தால் அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் தட்டிலிருந்து கவிழ்க்கலாம். கேக் பாத்திரத்திலேயே முழுக்க ஆறினால் அடி நீர் கோத்துக்கொள்ளும்.

எட்டு அங்குல கேக் குறிப்பை ஆறு அங்குலத் தட்டில் செய்ய எவ்வளவு குறைக்க வேண்டும்?
– வாசகர், சேலம்

கால் பங்கு குறைத்தால் போதும் என்று தோன்றும்; போதாது. பரப்பளவைப் பார்க்க வேண்டும். எட்டு அங்குல வட்டம் சுமார் 50 சதுர அங்குலம், ஆறு அங்குலம் சுமார் 28. பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முட்டை சொன்ன இடத்தில் ஒன்று. தட்டின் உயரம் ஒன்றே என்றால் வேகும் நேரத்தில் ஐந்து, ஏழு நிமிடம்தான் குறையும், பாதியாகாது.

பாட்டி 1970களில் வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதைப் பக்கங்கள் நான்கு கட்டு கிடைத்தன. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, ஓரங்கள் பழுப்பாகிவிட்டன. பைண்டிங் செய்து வைக்க ஆசை. கடையில் ‘ஓரம் வெட்டி, பக்கவாட்டில் தைத்துத் தருகிறேன்’ என்கிறார்கள். கொடுக்கலாமா? செலோடேப் ஒட்டித் தரட்டுமா?
– வாசகர், கும்பகோணம்

அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். செலோடேப்பைத் தொடவே வேண்டாம்.

முதலில் ஒரு சோதனை. எழுத்து இல்லாத ஒரு மூலையை மடித்து, மறுபக்கம் மடித்துப் பாருங்கள். மூலை கையோடு வந்துவிட்டால் அந்தக் காகிதம் தையலைத் தாங்காது. செய்தித்தாள் ரகக் காகிதத்தில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருக்கும். அது காற்றிலும் வெளிச்சத்திலும் பழுப்பேறி, அமிலம் சேர்ந்து, காகிதம் நொறுங்கும். அந்த நிலைக்கு வந்த பக்கங்களை ஸ்கேன் செய்துகொண்டு, பெட்டியில் தட்டையாக அடுக்கி வைப்பதுதான் மரியாதை. மடிப்பைத் தாங்குகிறது என்றால் மேலே படியுங்கள்.

பின்களைப் பிடுங்கும் கருவியால் இழுத்தால் காகிதம் பெயரும். கட்டைக் கவிழ்த்து, மழுங்கிய சின்னக் கத்தியால் பின்னின் இரு கால்களையும் நிமிர்த்தி, முன்பக்கமாக மெதுவாகத் தூக்குங்கள். துருத்தூளை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். வார வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொரு தாளின் மூலையிலும் மென்பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் கட்டு ஒருமுறை சரிந்தால் வரிசை போய்விடும். தாளின் பின்பக்கத்தில் வேறு ஏதாவது துணுக்கோ விளம்பரமோ இருக்கிறதே என்று வெட்டி எறிந்துவிடாதீர்கள். ஐம்பது வருடம் கழித்துப் பார்க்கையில் பாதிச் சுவை அந்தப் பின்பக்கத்தில்தான்.

கிழிசலுக்கு மைதாப் பசை. ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கண்ணாடி மாதிரி தெளியும்வரை கிண்டி, ஆறவைத்து வடிகட்டுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழித்துக்கொள்ளுங்கள். பிசிறான ஓரம் தாளோடு படியும், கோடு தெரியாது. குறைந்த பசை தடவி, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி ஒருநாள் விடுங்கள். பைண்டர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது வழக்கம். அது விஷம், தவிர, தாமிரம் காகிதத்தின் சிதைவை விரைவுபடுத்தும். அட்டைக்குப் போகும் பசையில் இருந்தால் போகட்டும், கதைப் பக்கங்களில் படவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செலோடேப் ஏன் ஆகாது என்றால், சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் ஊறும், டேப் மட்டும் உரிந்து விழும். அந்தக் கறை பிறகு போகாது.

இனி தையல். கடைக்காரர் சொல்லும் பக்கவாட்டுத் தையலில் முதுகிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளித் துளை விழும். உங்கள் தாள்கள் கிழித்து எடுத்தவை. உள்ஓரம் ஏற்கெனவே குறைவு. துளை போட்டால் வரியின் முதல் எழுத்துகள் தையலுக்குள் போய்விடும், புத்தகமும் விரிந்து நிற்காது. விரித்துப் படிக்கும் ஒவ்வொரு முறையும் தாள் ஒடியும்.

மாற்று வழி, ஓரப்பட்டை ஒட்டுவது. மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் மெல்லிய, நல்ல காகிதப் பட்டைகள் வெட்டி, இரண்டு தாள்களின் உள்ஓரத்தை அந்தப் பட்டையின் இரு விளிம்புகளிலும் நான்கைந்து மில்லிமீட்டர் மட்டும் ஏற்றி ஒட்டுங்கள். காய்ந்ததும் பட்டையை நடுவில் மடித்தால் இரண்டு ஒற்றைத் தாள் ஒரே மடிப்புத் தாளாகிவிடும். இப்படி நான்கு மடிப்பை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஒரு பாரம். ஒட்டும்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: பாரத்தின் முதல் தாளுக்கு ஜோடி எட்டாவது தாள், இரண்டாவதற்கு ஏழாவது. பலரும் சறுக்கும் இடம் இது. பாரம் பாரமாகப் பட்டையின் மடிப்பிலேயே ஊசி போகும், கதைத் தாளில் ஒரு துளைகூட விழாது. நூல், மெழுகு தடவிய பருத்தி நூல். பட்டை சேர்வதால் முதுகுப் பக்கம் கொஞ்சம் தடிக்கும். ஒரு தொகுதி நான்கு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒட்டும் வேலையை வீட்டில் முடித்துவிட்டு, தையலுக்கும் கலிக்கோ அட்டைக்கும் மட்டும் கடைக்குக் கொடுங்கள். ‘மிஷினில் ஓரம் வெட்டக் கூடாது’ என்று துண்டுச்சீட்டில் எழுதி மேலே செருகிவிடுங்கள். வாய்ப்பேச்சு ஞாபகம் இருக்காது. லேமினேஷன் செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே அடைபட்ட அமிலம் வேலையைத் தொடரும், திரும்பப் பிரிக்கவும் முடியாது.

இடம் இல்லை, வைத்துக் காக்க முடியாது என்று ஒருநாள் தோன்றினால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களையும் இதழ்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994-இல் தொடங்கியது. அவர்களிடம் இல்லாத இதழாக இருக்கலாம், ஒரு பட்டியல் அனுப்பிக் கேளுங்கள்.

புத்தக அலமாரியில் ராமபாணப் பூச்சி. வேப்பிலை, வசம்பு, அந்துருண்டை எல்லாம் போட்டாயிற்று. போகவில்லை.
– வாசகி, நாகர்கோவில்

சேதத்தைப் பார்த்தால் ஆள் யார் என்று தெரியும். தாளின் மேற்பரப்பும் அட்டையின் பசையும் சுரண்டினாற்போல் இருந்தால், வெள்ளி நிறத்தில் நெளிந்து ஓடும் பூச்சி. குண்டூசி விட்டாற்போல வட்டத் துளை பக்கம் பக்கமாக ஊடுருவியிருந்தால், வண்டின் புழு. இரண்டுக்கும் உறைகுளிர் ஒரே மருந்து. புத்தகங்களைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக்க ஒட்டி, ஃபிரீசரில் (மைனஸ் 18 டிகிரி) இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள்! ஒரு முழுநாள் அறையில் கிடக்கட்டும். உடனே திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் நீராகப் படியும். முட்டையிலிருந்து எல்லாம் செத்துவிடும், ஆனால் மறுபடி வராது என்று உத்தரவாதம் இல்லை.

வராமலிருக்க அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவர் வழியாகத்தான் ஈரம் ஏறுகிறது. புத்தகங்களை விரல் நுழையாதபடி நெருக்கி அடுக்க வேண்டாம். வெயிலில் காயப்போடுவது பழுப்பை விரைவுபடுத்தும், நிழலில் மின்விசிறிக்காற்று போதும். ஈரமானி ஒன்று வாங்கி வைத்தால் நல்லது. 60 சதவீதத்துக்குள் இருக்கும்வரை கவலையில்லை, 70-ஐத் தாண்டிவிட்டால் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். அந்துருண்டையை எடுத்து எறியுங்கள். படுக்கையறை அலமாரியில் அதன் ஆவியைச் சுவாசிப்பது குழந்தைகளுக்கு நல்லதல்ல.

பெட்டிக்கடையில் வாங்கிய ஃபிலிம் துண்டுகள், ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர், முகம் பார்க்கும் கண்ணாடியில் வெயில்: வீட்டுச் சுவரில் ‘சினிமா’ காட்டிய தலைமுறை நாங்கள். பழைய துண்டுகள் சில இன்னும் இருக்கின்றன. பேத்திக்குக் காட்ட வேண்டும். பல்பை உடைக்கப் பயமாக இருக்கிறது. ஏன் சில துண்டுகள் முழுக்கச் சிவந்துவிட்டன? சிலவற்றில் ஆட்கள் ஒல்லிக்குச்சியாக இருக்கிறார்களே?
– வாசகர், மதுரை

பல்பை உடைக்க வேண்டாம். பள்ளி ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் 100 மில்லி உருண்டை அடிக் குடுவை கேளுங்கள். சுமார் ஆறு சென்டிமீட்டர் விட்டம், பழைய பல்பின் அளவுதான். கொதித்து ஆறிய தண்ணீரைக் கழுத்துவரை நிரப்புங்கள். பச்சைத் தண்ணீர் என்றால் சற்று நேரத்தில் உள்ளே குமிழ் ஒட்டிக்கொண்டு படத்தில் கறும்புள்ளியாகத் தெரியும்.

தண்ணீர் உருண்டையின் குவியம் அதன் மையத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு விட்ட தூரத்தில் இருக்கும். எனவே ஃபிலிமைக் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று அப்பால் பிடிக்க வேண்டும். அன்றைக்கு ‘முன்னே, பின்னே’ என்று ஆட்டி ஆட்டிக் கண்டுபிடித்தது இந்த இடத்தைத்தான். சுவர் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் படம் முப்பது மடங்குக்கு மேல் பெரிதாகி, முக்கால் மீட்டர் அகலத்துக்கு அருகே வரும். நடு தெளிவாகவும் ஓரம் கலங்கியும் இருப்பது உருண்டை லென்ஸின் இயல்பு. கறுப்புக் காகிதத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு ஓட்டை போட்டுக் குடுவையின்முன் ஒட்டினால் தெளிவு கூடும், வெளிச்சம் குறையும். ஃபிலிமைத் தலைகீழாகப் பிடிக்க மறக்காதீர்கள்.

இதைவிடத் தெளிவாக வேண்டும் என்றால் பத்து சென்டிமீட்டர் குவியத் தூரமுள்ள பூதக்கண்ணாடி. அதற்கு ஃபிலிம் லென்ஸிலிருந்து பத்தரை சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். அதே இரண்டு மீட்டரில் நாற்பது சென்டிமீட்டர் அகலப் படம் கிடைக்கும்.

வெளிச்சம் வெயிலாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. லென்ஸைத் தாண்டியதும் கதிர்கள் ஒரு புள்ளியில் குவிந்த பிறகே விரிகின்றன. அந்தப் புள்ளியில் கை, துணி, திரைச்சீலை எது இருந்தாலும் சுடும். லென்ஸ் வழியாக யாரும் வெயிலைப் பார்க்கவும் கூடாது. மழைநாளுக்கும் பேத்திக்கும் எல்.இ.டி. டார்ச்தான் சரி. டார்ச்சின் முகத்தில் ஒரு சுற்று பட்டர் பேப்பர் கட்டுங்கள், இல்லாவிட்டால் நடுவில் மட்டும் வெள்ளை வட்டம் விழும். அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும்.

சிவப்பேறியதற்குக் காரணம் சாயம். 1980களின் தொடக்கம்வரை வந்த வண்ணப் பிரதிகளில் நீலச்சாயம்தான் முதலில் வெளுக்கும், மிஞ்சுவது சிவப்பு. கறுப்பு வெள்ளைத் துண்டுகளில் படம் வெள்ளித் துகளால் ஆனது, அதற்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஒல்லிக்குச்சி ஆட்கள் இருந்தால் அது ஸ்கோப் படம். அகலக் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக அமுக்கி ஃபிலிமில் பதிவார்கள், தியேட்டர் லென்ஸ்தான் திரும்ப விரிக்கும். உங்கள் குடுவைக்கு அந்த வித்தை தெரியாது.

ஒரு கட்டம் 19 மில்லிமீட்டர், இருபக்கமும் நான்கு நான்கு துளை, விநாடிக்கு 24 கட்டம். கையிலிருக்கும் சாண் நீளத் துண்டு திரையில் அரை விநாடிகூட ஓடியிருக்காது. பேத்திக்கு இதைச் சொல்லுங்கள், அசந்துபோவாள். துண்டுகளில் காடி வாடை வீசினால் அவை சிதையத் தொடங்கிவிட்டன, மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள். 1950களுக்கு முந்தைய துண்டு என்று சந்தேகம் இருந்தால் டார்ச், வெயில், அடுப்பு எதன் பக்கமும் கொண்டுபோக வேண்டாம். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றும்.

எல்லாத் துண்டையும் படமாக எடுத்து வைக்க, செல்போன் திரையை முழு வெள்ளையாக்கி, அதிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் ஃபிலிமைத் தாங்கி, இன்னொரு போனால் மேக்ரோவில் எடுங்கள். திரையின்மேல் நேரே வைத்தால் புள்ளி புள்ளியாகப் பதியும்.

நாங்கள் குழந்தையாக இருந்தபோது அப்பா எங்கள் மழலையைப் பதிந்த கேசட் இருக்கிறது. கணினிக்கு மாற்ற வேண்டும்.
– வாசகி, திருச்சி

முதல் வேலை, கேசட்டின் மேல் விளிம்பில் இரு கோடியிலும் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் நாக்குகளை ஒடித்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்டு பொத்தான் பட்டாலும் அழியாது. நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை; ஓட்டவே கூடாது, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் பிளேயரின் ஹெட்டை ஐசோபிரைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, வேறு ஏதாவது பாட்டுக் கேசட்டை ஓட்டிப் பாருங்கள். குரல் இழுத்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, மாற்றிய பிறகே உங்கள் கேசட்டைத் தொடுங்கள். அதை முன்னும் பின்னும் ஒருமுறை முழுக்கச் சுற்றினால் ஒட்டியிருக்கும் சுற்றுகள் விடும்.

பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு ஒயர். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். உரத்த இடத்தில் முள் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் இருக்கட்டும்; அதிகமாகப் போய்ச் சிதைந்த ஒலியைச் சரிசெய்ய முடியாது, குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம். இரைச்சல் நீக்கும் வேலையை நகலில் மட்டும் செய்யுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று பின்னணியில் கேட்கும் மின்விசிறியையும் பால்காரர் மணியையும் அழித்துவிட்டுப் பிறகு தேடுகிறவர்கள் நிறைய.

புது டி.வி.யில் பழைய படம் பார்த்தால் சீரியல் மாதிரி இருக்கிறது. எல்லாரும் குண்டாகவும் தெரிகிறார்கள்.
– வாசகர், வேலூர்

இரண்டும் வேறு வேறு கோளாறு. சீரியல் மாதிரி தெரிவது, விநாடிக்கு 24 கட்டங்களுக்கு நடுவே டி.வி. தானாகக் கட்டங்களை உண்டாக்கிச் செருகுவதால். பட அமைப்புகளில் ‘மோஷன்’ என்ற சொல்லோடு ஏதாவது ஒரு பெயரில் இருக்கும், அதை அணையுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோடு’ இருந்தால் அதை வைத்தாலே இது அணைந்துவிடும். குண்டாகத் தெரிவது, 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்துவிட்டதால். பட அளவை ‘ஒரிஜினல்’ அல்லது 4:3 என்று மாற்றுங்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். மாற்றியும் சரியாகவில்லை என்றால் சேனல்காரர்களே இழுத்து அனுப்புகிறார்கள், உங்கள் ரிமோட்டில் ஒன்றும் நடக்காது.